பாஸ் மீன் கூட்டில் நிற்கும் நாட்கள்

தடி உம்முடைய முழங்காலில் இடிக்கிறதோ, தம்பி? கொஞ்சம் பொறும், அந்தப் பக்கம் சாய்த்து வைக்கிறேன். நீர் எழும்ப வேண்டாம். இது நாலு துண்டாகக் கழலும் தடி. உறைக்குள் போட்டால் குடையை விடக் கொஞ்சம்தான் நீளம்.

தமிழ்தானே? முகத்தைப் பார்த்ததும் நினைத்தேன். எவ்விடம்? ரொறன்ரோ என்று சொல்லாதேயும், அப்பா அம்மா எவ்விடம் என்று கேட்கிறேன். கரவெட்டியா? நல்லது. நான் ஏழாலை. பெயர் குணநாயகம். வயது எழுபது. முந்தி நானே கார் ஓட்டித்தான் போவேன். இரண்டு கண்ணிலும் புரை வெட்டினபிறகு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது விடியக்காலை முதல் பஸ். இறங்கி நாற்பது நிமிடம் நடந்தால் குளம்.

குளம் என்றுதான் நான் சொல்வேன். ஆற்றை மறித்துக் கட்டிய அணை. எங்கள் இரணைமடு மாதிரி என்று வைத்துக்கொள்ளும். ஆனால் இது வயலுக்குத் தண்ணீர் விடுகிற குளம் இல்லை. கீழே இருக்கிற ஊர்கள் வெள்ளத்தில் போகாமல் இருப்பதற்காகக் கட்டினது.

தூண்டில்தான். ஆனால் புழு குத்திப் போடுகிற தூண்டில் இல்லை. இஞ்சே பாரும், இந்தப் பெட்டியைத் திறக்கிறேன். இது பூச்சி மாதிரி இருக்கிறது, இல்லையா? பூச்சி இல்லை. தூண்டில் ஊசியில் மான் மயிரும் கோழி இறகும் வைத்து நூலால் சுற்றிக் கட்டினது. நானே கட்டினேன். இதற்குப் பாரமே இல்லை. அதனால் இதை எறிய முடியாது. நூலுக்குத்தான் பாரம், நூலைத்தான் எறிய வேண்டும். தடியைப் பின்னால் கொண்டுபோய், நூல் முழுக்கப் பின்னால் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் விட வேண்டும். அந்தப் பொறுமைதான் வித்தை. அவசரக்காரனுக்கு இது சரிவராது.

பிடிக்கிற மீனுக்குப் பாஸ் என்று பெயர். அதில் இரண்டு சாதி, பெரிய வாய், சின்ன வாய். இது சின்ன வாய். வெண்கல நிறம், கண் சிவப்பு. இரண்டு கிலோ மீன் இழுக்கிற இழுவையில் ஆட்டுக்கடா தோற்றுப்போகும்.

சாப்பிடுகிறதா? இல்லை, இல்லை. பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவேன். நீரும் சிரிக்கிறீர். கோயிலில் எல்லோரும் இப்படித்தான் சிரிப்பார்கள். "குணநாயகம், விடுறதெண்டால் பேந்து ஏன் பிடிக்கிறாய்? அதுக்கு ஏதும் புத்தி சொல்லி அனுப்பவோ?" என்று கேட்பார்கள். என் மனுசியும் ஒரு சொல் வைத்திருந்தாள். "குழம்புக்கு உதவாத மீன்பிடி" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள். அதிகம் கதைக்கிற ஆள் இல்லை, தவமலர். போய் நாலு வருசம். அந்த மாரியில் போனாள், தையில்.

இப்போது நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு நடந்தது. நீர் நியாயம் சொல்ல வேண்டாம். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு, பிழை எங்கே என்று மட்டும் சொல்லும்.

எனக்கு ஒரே ஒரு பெடியன். யசோதரன். யசோ என்று கூப்பிடுவோம். கல்கரியில் வேலை, கம்ப்யூட்டர். தாயின் செத்த வீட்டுக்கு வந்தவன், எட்டுச் செலவு முடிந்தும் போகவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தும் போகவில்லை. வீட்டில் இருந்தே வேலை செய்யலாமாம். "அப்பா, நீங்கள் தனிய. கொஞ்ச நாள் நிக்கிறன்" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உமக்கு விளங்காது. நானும் அவனும் அதற்கு முதல் ஒரு மேசையில் பத்து நிமிடம் இருந்து கதைத்ததில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கதை வருவதில்லை, அவ்வளவுதான். நான் எண்பத்தெட்டில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவனுக்கு மூன்று வயது. அவனும் தாயும் இஞ்சே வந்து இறங்கியது தொண்ணூற்றெட்டில். எயார்போட்டில் மீசை அரும்பின ஒரு பெடியன் வந்து எனக்குக் கை கொடுத்தான். மகன் கை கொடுக்கிறான்! வெள்ளைக்காரப் பழக்கம் அங்கேயே பழகிவிட்டான் என்று நான் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன்.

சரி. பனி கரைந்தது. ஏப்ரலில் ஒரு நாள் நான் தடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் நின்றான். "இதை எப்பிடி எறியிறது?" என்று கேட்டான். தம்பி, முப்பத்தாறு வயதுப் பிள்ளை முதல்தரம் என்னிடம் ஒன்று கேட்கிறான்.

அடுத்த நாளே அவனுக்கு ஒரு தடி வாங்கினேன். பின்வளவுப் புல்லில் பழக்கினேன். ஊசி இல்லாமல் நூல் நுனியில் ஒரு துண்டு கம்பளி கட்டி. "பொறு, பொறு, நூல் பின்னாலை போகட்டும். இப்ப விடு." அவன் கெதியாகப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பொறுமை இருக்கிறது. பொறுமை என்னிடமிருந்து வந்தது. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுடைய காரில் குளத்துக்குப் போனோம். போகும்போதும் வரும்போதும் கதைத்தோம். என்ன கதைத்தோம் என்று கேட்டால், மீன், காற்று, நூல், அவ்வளவுதான். ஆனால் கதைத்தோம். ஏழு சனிக்கிழமை. எனக்கு அந்த ஏழும் மனப்பாடம்.

இப்போது பாஸ் மீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் மிச்சம் விளங்காது.

தண்ணீர் பதினைந்து, பதினாறு பாகைக்குச் சூடாகும்போது, அதாவது இந்த நாட்களில், ஆண் மீன் கரைக்குக் கிட்ட வரும். வந்து வாலால் சேற்றை விசிறி, கூழாங்கல் தெரிகிற மாதிரி ஒரு பள்ளம் செய்யும். ஒரு பெரிய தாம்பாளம் அளவு இருக்கும். அதுதான் கூடு. பெண் மீன் வந்து முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும். தகப்பன்தான் நிற்பான். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, முட்டைக்கு மேலே நின்று செட்டையால் விசிறிக்கொண்டே இருப்பான். குஞ்சு பொரித்து நீந்தும்வரை அந்த இடத்தை விட்டு ஓர் அடி விலக மாட்டான். சின்னச் சின்னச் சப்பை மீன்கள் முட்டை தின்னச் சுற்றி நிற்கும். ஒவ்வொன்றாகக் கலைப்பான். பார்க்கக் கண் கலங்கும், தம்பி. மிருகத்துக்கு அந்தப் பாசம்.

அந்த நேரத்தில் கூட்டுக்குள் என்ன விழுந்தாலும் வாயால் கவ்வித் தூக்கி வெளியில் போடும். பசியில் கவ்வுவதில்லை. துப்புரவாக்கக் கவ்வுவது. ஆகவே ஒரு பொய்ப் பூச்சியைச் சரியாகக் கூட்டுக்குள் போட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பிடிபடும். வருசத்தில் ஆகப் பெரிய மீன் இந்த நாட்களில்தான்.

சட்டமா? சட்டப்படி ஜூன் கடைசி வரை பாஸ் பிடிக்கக் கூடாதுதான். உமக்கு அது தெரியுமோ, பரவாயில்லையே. ஆனால் வேறு மீன் பிடிக்கலாம். நான் வேறு மீனுக்குப் போடுகிறேன், பாஸ் வந்து கவ்வுகிறது. அதற்கு நான் என்ன செய்ய? விட்டுவிடுகிறேன்தானே. கொன்று தின்கிறவனுக்குத்தான் சட்டம்.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. நான் வந்த புதிதில் ஃபக்டரியில் வால்டர் என்று ஒரு கிழவன் என்னோடு வேலை செய்தான். அவன்தான் இந்தத் தூண்டிலைப் பழக்கினவன். "எழுதி வை, எழுதாத மீன் பிடிக்காத மீன்" என்பான். அதனால் தொண்ணூறாம் ஆண்டிலிருந்து எழுதுகிறேன். திகதி, தண்ணீரின் சூடு, காற்று, மழை, எந்தப் பூச்சி, எத்தனை மீன். ஒரு நாள் விடவில்லை. மனுசிக்குக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகக் கடிதம் எழுதினதில்லை. அந்த நாளில் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்ச் சேர்வதே பெரும்பாடு, சேராத கடிதத்தை எழுதி என்ன?

எட்டாவது சனிக்கிழமை. ஜூன் மாதம் ஐந்தாம் திகதி. நல்ல வெயில். கரையில் குப்புறப் படுத்து அவனுக்குக் கூட்டைக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடி போட்டால் தண்ணீருக்கு அடியில் தெளிவாகத் தெரியும். தகப்பன் மீன் நிற்கிறான், செட்டை ஆடுகிறது. உமக்குச் சொன்னதையெல்லாம் அவனுக்கும் சொன்னேன். அவன் கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒவ்வொரு வருசமும் இதே நாளிலைதான் வருமோ?" என்று கேட்டான்.

"கொப்பியைப் பார், எல்லாம் கிடக்கு" என்று எடுத்துக் கொடுத்தேன்.

அவன் ஒரு கல்லில் இருந்து வாசித்தான். நான் நூலைச் சரிசெய்தேன். என் எழுத்தை மகன் வாசிக்கிறான் என்று எனக்குப் பெருமை. பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அப்பா, தொண்ணூற்றைஞ்சு ஒக்டோபர் முப்பது."

"ஓம், வாசி."

"திங்கட்கிழமை. காற்று இல்லை. மழை இல்லை. மூன்று மீன். நல்ல நாள்."

எனக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்தது. அந்தக் கிழமை ஃபக்டரியில் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மேப்பிள் இலை முழுக்கத் தண்ணீரில் கொட்டிக் கிடந்தது. இலைக்கு நடுவிலே பூச்சியைப் போட வேண்டும், கெட்டித்தனம் வேண்டும். அதை எல்லாம் அவனுக்குச் சந்தோசமாகச் சொன்னேன். எப்படிப் போட்டேன், எந்தப் பக்கம் இழுத்தது எல்லாம். அவன் குறுக்கே கதைக்காமல் கேட்டான். முடிந்தபிறகு சொன்னான்:

"அண்டைக்கு அங்கை மழை, அப்பா. நாங்கள் நாவற்குழிப் பாலத்திலை நிண்டனாங்கள்."

உமக்குத் தெரியுமோ, நீர் அப்போது பிறந்திருக்க மாட்டீர். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள் அது. ஆமி வருகிறது, எல்லோரும் உடனே போங்கோ என்று ஒலிபெருக்கியில் சொல்லி, லட்சக்கணக்கான சனம் ஒரே பாதையில். இவனுக்குப் பத்து வயது. தாயும் இவனும் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுக்க எடுத்ததாம். பிறகு கிளிநொச்சியில் கொட்டிலுக்குள் இருந்தார்கள். எனக்குச் செய்தி வந்தது நாலு நாளைக்குப் பிறகு. நான் சொன்னேன்:

"எனக்குத் தெரியாதே, மோனை. தெரிஞ்சாலும் இஞ்சை இருந்து நான் என்ன செய்யிறது? மீன் பிடிக்காமல் விட்டால் மழை நிண்டிருக்குமோ?"

நியாயம்தானே? அவனும் ஒத்துக்கொண்டான். "இல்லை. ஒண்டும் செய்திருக்க ஏலாது" என்றான். பிறகு பக்கத்தைப் பின்னாலே புரட்டினான்.

"உங்களுக்கு இஞ்சை இருக்கிற பேப்பர் எப்ப கிடைச்சது?"

"தொண்ணூற்று மூண்டு, பங்குனி."

அவன் பங்குனியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனான். நான் விளங்கப்படுத்தினேன். பேப்பர் வந்தவுடன் தாயையும் பிள்ளையையும் கூப்பிட்டிருக்கலாம்தான், லோயரும் அப்படித்தான் சொன்னான். ஆனால் கூப்பிட்டு எங்கே வைக்கிறது? நாலு பெடியளோடு ஒரு நிலவறையில் இருந்தேன். சொந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்தேன். அது பிழையா? இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு வருசம் என்று போனது. திங்கள் தொடக்கம் வெள்ளி வரை இரண்டு வேலை செய்தேன், தம்பி. சனி ஞாயிறு மட்டும்தான் குளம். மனுசனுக்கு மூச்சு விட ஓர் இடம் வேண்டாமா? உண்மையைச் சொன்னால் அந்த வருசங்கள்தான் எனக்கு நல்ல மீன் விழுந்த வருசங்கள். கொப்பியைப் பார்த்தாலே தெரியும்.

அவனுடைய முகம் சரியில்லை. பழைய கதையைக் கிளறிக் கவலைப்படுகிறான் என்று விளங்கியது. பிள்ளையின் மனதை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். ஆகவே எழும்பி நின்று, ஒரு நல்ல எறி எறிந்தேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஓர் எறி எறிந்ததில்லை. பூச்சி இலவம் பஞ்சு மாதிரிப் போய்க் கூட்டுக்கு நடுவிலே இறங்கியது. தகப்பன் மீன் பாய்ந்து கவ்வினான்.

இரண்டே கால் கிலோ! முப்பது வருசத்தில் ஆகப் பெரியது. தடி வில்லாக வளைந்து நின்றது. மூன்று தரம் தண்ணீருக்கு மேலே பாய்ந்தான். நான் கத்தினேன், "யசோ, போட்டோ எடு! போட்டோ எடு!" அவன் வரவில்லை. அவன் குந்தியிருந்து கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, விடுங்கோ. தின்னுதுகள்."

சப்பை மீன்கள்தான். எங்கிருந்து வருகின்றன என்று தெரியாது, தகப்பன் விலகியதும் முப்பது நாற்பது வந்துவிடும்.

"விடுறன், விடுறன். நிறுத்துப்போட்டு விடுறன். அவன் போய்க் கலைச்சிடுவான்."

தராசில் நிறுத்தேன். நீளம் அளந்தேன். போட்டோவும் ஒரு கையால் நானே எடுத்தேன். ஊசி கொஞ்சம் ஆழமாக ஏறியிருந்தது, மெதுவாகக் கழற்ற வேண்டும். நான் மீனுக்கு நோகப் பண்ணுகிறவன் இல்லை. எல்லாமாகப் பத்து நிமிடம். பத்து நிமிடம்தான். பிறகு இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, மூச்சு வந்தபிறகு விட்டேன். நேரே கூட்டுக்குத்தான் போனான். சொன்னேனே, பாசம்.

யசோ இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டில் கல்லு மட்டும்தான் இருந்தது. மற்ற மீன்கள் போய்விட்டன. இவன் கல்லுக்கு மேலே நின்று விசிறிக்கொண்டிருந்தான்.

"ஒண்டும் இல்லை, அப்பா. ஆனாலும் நிக்குது."

"நிக்கும்" என்றேன். "அதுக்கு விளங்காது."

அவன் எழும்பினான். தடியை அந்தக் கல்லில் வைத்தான். எறியவில்லை, மெதுவாக வைத்தான். கொப்பியை மூடி அதன் பக்கத்தில் வைத்தான். போய்க் காரில் இருந்துகொண்டான். நான் இன்னும் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன், வருவான் என்று. வரவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஒரு சொல் இல்லை. செவ்வாய்க்கிழமை கல்கரிக்குப் போய்விட்டான். அதோடு சரி. நாலு வருசம்.

நீரே சொல்லும், தம்பி. மீன் முட்டைக்காக ஒரு பிள்ளை தகப்பனோடு கதைக்காமல் விடுவானோ? நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். மீன் அடுத்த வருசமும் முட்டை போடும். அதை அவனுக்குப் போனிலும் சொன்னேன்.

கொப்பியா? கொப்பியில் என்ன இருக்கிறது? அதில் மீனைத் தவிர ஒரு சொல் கிடையாது.

போன் எடுத்தால் எடுப்பான், மரியாதைக்குக் குறைவில்லை. "சுகமோ அப்பா, மருந்து போடுறியளோ" என்று கேட்பான். போன வருசம் நான் கேட்டே விட்டேன். "என்னோடை கோவமோ யசோ?" என்று. அவன் சொன்னான், "கோவம் இல்லை, அப்பா. முந்தி இருந்தது. இப்ப ஒண்டும் இல்லை." பாரும், அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், கோபம் இல்லை என்று. எனக்கு அன்றைக்குத்தான் நல்ல நித்திரை வந்தது. கோபம் இல்லையென்றால் வருவான்தானே? கோபம் இருந்தால்தான் கஷ்டம்.

கலியாணம் முடித்துவிட்டான். பதிவு மட்டும், ஒருவருக்கும் சொல்லவில்லையாம். போன மாதம் ஒரு பெண்குழந்தை. தவமலரின் தங்கச்சிதான் எனக்குச் சொன்னவள், போட்டோவும் காட்டினாள். பிள்ளையை இவன் நெஞ்சில் போட்டுத் துணியால் கட்டிக்கொண்டு நிற்கிறான், கங்காரு மாதிரி. ஆம்பிளை செய்கிற வேலையா? ஆறு மாதம் வேலைக்கும் லீவு போட்டுவிட்டானாம்.

அடுத்தது என்னுடைய இடம். இறங்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. தம்பி, ஓர் உதவி. இந்தப் போனில் அவனுக்கு ஒரு செய்தி எழுதித் தாரும். எனக்கு இந்தச் சின்ன எழுத்து மங்கலாக இருக்கிறது. தமிழில் அடிக்கத் தெரியுமோ? கெட்டிக்காரன். எழுதும்: "யசோ, நேற்றுத் தண்ணீர் பதினைந்து பாகை. மீன் கூட்டில் நிற்கிறது. வா."

அவ்வளவுதான்.

இல்லை, வேறொன்றும் இல்லை. வேறென்ன எழுதுவது? குழந்தையைப் பற்றியா? அவன் எனக்குச் சொல்லவில்லையே, தம்பி. சொல்லாததை நாங்கள் கேட்டால் அவனுக்குச் சங்கடம். அதுவும் வேண்டாம். நீர் சொல்கிற அதுவும் வேண்டாம். எதற்கு மன்னிப்பு? மீனை விட்டுவிட்டேன்தானே.

அனுப்பும்.

போய்விட்டதோ? அந்த இரண்டு கோடும் நீலமாகிவிட்டதா? அப்படியென்றால் என்ன? பார்த்துவிட்டானோ? இப்போதேவா? இஞ்சே ஆறு மணி என்றால் அங்கே விடிய நாலு மணி. குழந்தை அழுதிருக்கும். தூக்கி வைத்துக்கொண்டு நிற்பான்.

ஒன்றும் எழுதவில்லையோ. கொஞ்சம் பொறுத்துப் பாரும்.

இல்லையா? பரவாயில்லை, போனைக் கொண்டாரும். நாலு மணிதானே, நித்திரையாக இருப்பான்.